ஒரு பிடித் தவிடு

நான்கு வயதாகியும் என் மகளுக்குத் தலை நிற்கவில்லை. பேச்சும் இல்லை. இடி இடித்தால் வலிப்பு வரும். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார், இவள் இப்படியேதான் இருப்பாள் என்று. நான் தோட்ட வேலையை விட்டுவிட்டு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தேன். மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் மாரியம்மனோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவேன், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், குலை வெட்டிக்கொண்டிருந்த என் கணவரின் காலில் ஒரு செம்பனைக் குலை விழுந்து எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த மறுவாரமே மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து அதே கால் மறுபடி முறிந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் லயத்தில் யாரும் அதைப் பழமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகளைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எங்கள் வாசலில் விளையாட விடவில்லை.

கெர்லிங்கிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஈஜோக் பக்கம் குறி கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"பெத்தவன் இந்தப் புள்ளைய தூக்கக்கூடாதாம். தூக்குனா அடுத்தது காலோட போகாதாம்லா" என்றார்.

அன்றிலிருந்து என் கணவர் மகளைத் தொடவில்லை. அவள் அவர் குரல் கேட்டால் கை கால்களை உதறுவாள். அவர் எழுந்து நொண்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

குறிகாரர் பரிகாரமும் சொல்லியிருந்தார். அது எங்களுக்குப் புதிதல்ல. நோய் விடாத பிள்ளையை அம்மனுக்கே கொடுத்துவிடுவது எங்கள் சனத்தின் வழக்கம். பிறகு சொந்தத்தில் ஒருவர் ஒரு பிடித் தவிட்டை அம்மன் முன் வைத்துப் பிள்ளையை வாங்கி, பெற்றவளிடம் வளர்க்கக் கொடுப்பார். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை மேல் எமனுக்குக்கூட ஆசை வராது என்பது நம்பிக்கை. பெற்றவர்கள் மட்டும் வாங்கக்கூடாது. "நானே வாங்கித் தர்றேன், உன் நல்லதுக்குத்தான்" என்றார் நாத்தனார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? ஆனாலும் வரும் வெள்ளிக்கிழமை கொடுக்கலாம் என்று தலையாட்டினேன். பிள்ளைக்கு நல்லது நடக்குமென்றால் ஓநாய் செய்தால் என்ன?

வியாழக்கிழமை சாயங்காலம் குழாயடியில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தது சமையற்கட்டு வரை கேட்டது.

"குடுத்தது குடுத்ததுதான் தம்பி. யாரும் வாங்கலன்னா அது அம்மன் முடிவு. இந்த மாதிரி புள்ளைங்கள வச்சிக்கிற எடம் ஒண்ணு எனக்குத் தெரியும். கண்காணாம நல்லா இருக்கட்டும்."

என் கணவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் குளிக்கப் போனதும் கோயிலுக்கு வைத்திருந்த பையைப் பார்த்தேன். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் இருந்தன. அடியில் என் மகளின் கவுன்கள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தவிடு இல்லை. கோயிலுக்குப் போய் வரும் பிள்ளைக்கு எதற்கு இத்தனை மாற்றுத்துணி? அழ நேரமில்லை. பக்கத்து வீட்டுக்காரி கோழிக்குப் போடச் சுங்கை புரோங் அரிசி ஆலையிலிருந்து வாங்கி வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கோயிலுக்கு எதிரே மரத்தடியில் ஒரு வாடகைக் கார் நின்றது. அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துக்குக் கார் வருவதில்லை. ஓட்டுநர் சிகரெட் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான், பிறகு நாத்தனாரைப் பார்த்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லயமே கோயிலுக்குள் நின்றது. என் கணவர் கோலை ஊன்றிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

பூசாரி வேப்பிலை பரப்பினார். நான் என் மகளை அதன்மேல் கிடத்தி, "தாயே, உன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். எடுத்த கை எனக்குச் சொந்தமில்லாதது போல் தொங்கியது.

"அம்மா புள்ளைய யாரு வாங்குறீங்க?" என்று பூசாரி கேட்டார்.

நாத்தனார் தரையைப் பார்த்தார். பூசாரி மறுபடியும் கேட்டார். பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். வாங்கினால் கூடவே சனியனும் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்த நேரத்தில் இடி இடித்தது. வலிப்பு வரப்போகிறது என்று எனக்கு உயிரே போயிற்று.

வரவில்லை. இடியில் கோயில் மணி மெல்ல அதிர்ந்தது. என் மகள் கண்ணை உருட்டி அந்தச் சத்தத்தைத் தேடினாள். பிறகு வாயெல்லாம் எச்சில் வழியச் சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். அத்தனை பேர் பயந்து நின்ற இடத்தில் பயப்படாதவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் அம்மன் மஞ்சள் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அம்மன் என்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். தண்டனை இப்படிச் சிரிக்குமா? நான் முந்தானையை அவிழ்த்தேன்.

"நான் வாங்குறேன்."

"பெத்தவ வாங்கக்கூடாது!" என்று நாத்தனார் கத்தினார்.

"நான் எங்க அண்ணி பெத்தவ? இப்பத்தானே எல்லாரும் பாக்க குடுத்தேன். இது அம்மன் புள்ள. நான் கேட்டு வந்தவ."

பூசாரி என்னையே பார்த்தார். அவருக்கும் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. கடைசியில் தாம்பாளத்தை நீட்டினார். தவிட்டைக் கொட்டினேன். அவர் குனிந்து, திருநீறு பூசி, என் மகளை என் கையில் கொடுத்தார். பிள்ளை பெற்ற அன்றுகூட நான் அப்படி மகிழ்ந்ததில்லை. அன்று பயம்தான் இருந்தது. இன்று வேண்டுமென்று கேட்டு வாங்கியிருந்தேன்.

"இனிமே என் தம்பிக்கு என்ன ஆனாலும் ஒன் தலையிலதான்" என்றார் நாத்தனார். அவர் கண்ணில் தண்ணீர். அதில் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. செம்பனைகளுக்கு நடுவே மண் பாதையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். பின்னால் சேற்றில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. என் கணவர் மூச்சு வாங்க வந்து முன்னால் நின்று கையை நீட்டினார்.

"குடு, நான் தூக்கறேன்."

எனக்குப் பயம் திரும்பி வந்துவிட்டது. "வேணாங்க. நீங்க தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அது நம்ம புள்ளைக்குச் சொன்னது. இது அம்மன் புள்ளதானே?"

கோலைக் கீழே போட்டுவிட்டு அவளை வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தாள்.