வஸ்ஸலாமுக்குப் பிறகு

பதினொரு கேசட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு உத்தமபாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். மகள் சொல்லித்தான் போனேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஒரு மாதமாகப் போனில் இதே பேச்சு.

"ம்மா, அத்தா அனுப்புன கேசட்டு பீரோவுலதான கெடக்கு? எங்கிட்ட அத்தா கொரலு ஒரு துளிகூட இல்ல. வீடியோ எடுக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. தேனில ஒரு கடைல கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாராகளாம். போயிட்டு வாம்மா. பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னா அம்புட்டுத்தான்."

என் வீட்டுக்காரர் மௌத்தாகி அடக்கம் செய்து இரண்டு வருடம். எனக்கு அவர் குரல் தேவைப்படவில்லை. அதை மகளிடம் சொல்ல முடியாது.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர் சவுதிக்கு வேலைக்காகச் சபர் போனார். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவருக்கும் எழுத்து ஓடாது. கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல், அதற்கு மேல் இரண்டு வரி. அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். லீவில் வருகிற ஆள் யாராவது கொண்டுவந்து கொடுப்பார். கம்பத்து ஆளோ சின்னமனூர் ஆளோ, அந்த ஆள் திரும்பிப் போகும் முன் பதில் பேசிக் கொடுத்துவிட வேண்டும்.

பதிலுக்கென்று புதுக் கேசட் வாங்குவதில்லை. வந்த கேசட்டை முதலுக்குச் சுற்றி அதன் மேலேயே பேசுவோம். எங்கள் தெருவில் சபர் போன வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அவர் பேசியது அழியும், நாங்கள் பேசியது ஏறும். அழிகிறதே என்று யாரும் நினைக்கவில்லை. கேட்டாயிற்று, பிறகு எதற்கு?

டேப் ரிக்கார்டர் அவர் அம்மாவின், என் மாமியின், பீரோவில் இருக்கும். சாவி மாமியின் இடுப்பில். கேசட் வந்தால் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் உட்கார வேண்டும். மாமி, நாத்தனார், கடைசியில் கதவோரம் நான். அவர் ஸலாம் சொல்லித் தொடங்குவார். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது, தங்கைக்குச் சொல்ல வேண்டியது, பிறகு எனக்கு. முடிக்கும்போது "வஸ்ஸலாம்" என்பார். மாமி பதில் ஸலாம் சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்குவார். பெட்டி மறுபடி பீரோவுக்குள் போகும்.

முதல் தடவை அவர் சபர் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டில் என் பக்கம் குனிந்து சொன்னார்.

"நான் வஸ்ஸலாம் சொன்ன ஒடனே எந்திரிச்சுப் போயிராத புள்ள."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பதினான்கு வருடமும் மாமி பட்டன் அமுக்குகிற வரைக்கும் எழுந்ததில்லை.

ஆமாம், பதினான்கு வருடம் அங்கே இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். முதல் லீவில் வந்தவர் வேறு ஆள், அதற்கடுத்த லீவில் வந்தவர் வேறு ஆள். இடையில் என்னவோ ஆகிவிட்டது. கேசட்டிலும் என் முறை வந்தால் "சவுக்கியமா, பிள்ளையப் பாத்துக்க" என்பதோடு முடித்துக்கொண்டார். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நானே முடிவு செய்தேன். முழுசாக ஊர் வந்து பைபாஸில் பெயிண்ட் கடை வைத்தார். சாப்பிடுவார், தொழுவார், படுப்பார். குழம்பில் உப்பு கூடினாலும் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இப்பிடி இருக்குறதுக்கு அங்கனயே இருந்திருக்கலாமே. எதுக்கு வந்தீக?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். துண்டில் துடைத்தார்.

"நீ சொன்னபடிதான இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மகள் பெரியவளானதும் அவளிடமும் சொல்லி வைத்தேன், உங்கத்தாவுக்கு மனசு இங்கன இல்ல, எவகிட்டயோ விட்டுட்டு வந்துட்டாரு என்று. அவள் நம்பினாளா என்று தெரியாது. அப்பாவிடம் ஒட்டாமல் வளர்ந்தாள். அவர் மௌத்துக்குப் பிறகுதான் அவர் குரல் வேண்டும் என்கிறாள்.

தேனிக் கடை மாடியில் இருந்தது. கீழே மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை. மேலே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், பெரிய டேப் டெக் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு வயரில் சேர்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ரிக்கார்டு தட்டு சுற்றும் பெட்டி. சுவரோரம் யாரோ கொடுத்த இசைத்தட்டுகள் அடுக்கியிருந்தன, ஓரமெல்லாம் கரையான் அரித்த அட்டையோடு.

பையைக் கொட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாட்டா அக்கா, கல்யாணக் கேசட்டா?"

"பேச்சு. வீட்டுக்காரரு பேசுனது."

"இதுல ரெண்டு பூஞ்சை பிடிச்சிருக்கு. இதுல நாடாவுக்குப் பின்னாடி இருக்குற பஞ்சு விழுந்துருச்சு. வேற கூட்டுல மாத்தித்தான் ஓட்டணும். ஒரு மணி நேரக் கேசட்ட ஏத்த ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. வெள்ளிக்கிழம வாங்க."

"வெள்ளிக்கிழம ஜும்மா. சனிக்கிழம வாரேன்."

சனிக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அக்கா, வீட்டுக்காரரு பேசுனதுன்னு குடுத்தீக. எந்தக் கேசட்டப் போட்டாலும் ஒரு அம்மாதான் ஸலாம் சொல்லிட்டு வாராக. பதினொண்ணுலயும் அவுகதான். யாரு?"

"மாமியாரு."

"இருக்காகளா?"

"மௌத்தாயி வருசமாச்சு."

"இன்னும் மைக்க விட மாட்டேங்கிறாகளே."

எனக்கும் சிரிப்பு வந்தது. பின்பக்கம் அவர் பேசியது இருக்குமே என்றேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல் என்றார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் ஊர் திரும்பும்போது பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தது எல்லாம் நாங்கள் பேசிய கேசட்கள்தான். அவர் பேசியது எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை. மகளுக்கு என்ன சொல்வது?

"இருங்கக்கா, மொகத்தச் சுளிக்காதீக. இங்கன பாருங்க."

கம்ப்யூட்டரில் பச்சையாக ஒரு கோடு ஓடியது. பேச்சு இருக்கிற இடத்தில் தடித்தும், இல்லாத இடத்தில் நூல் மாதிரியும் இருந்தது.

"இந்தக் கேசட்டுல நீங்க பேசுனது பதினேழு நிமிசம். உங்க வீட்டுக்காரரு பேசுனது அதவிடக் கூட. உங்க பேச்சு முடியிற எடத்துல டக்குன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கங்கிட்டு அவுக பேசுன வாலு அழியாம நிக்கிது. எல்லாத்துலயும் அஞ்சு நிமிசம், ஆறு நிமிசம் தேறும்."

ஹெட்போனைக் கொடுத்தார். கேட்டேன். தங்கைக்குச் செருப்பு அளவு கேட்கிறார், பேப்பரில் காலை வைத்துக் கோடு போட்டு அனுப்பு என்கிறார். கொண்டுவரும் ஆளுக்குச் சோறு போட்டு அனுப்பச் சொல்கிறார். பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்கிறார். வஸ்ஸலாம். பிறகு நூல் மாதிரிக் கோடு.

"மகளுக்கு இது போதும்" என்றேன்.

"ஒண்ணுல மட்டும் வஸ்ஸலாம் சொன்ன பெறகும் பேச்சு வருது. நான் கொஞ்சந்தான் கேட்டேன். அது நான் கேக்குற பேச்சு இல்லன்னு நிப்பாட்டிட்டேன். நீங்களே கேளுங்க. டீ சொல்லிட்டு வாரேன்."

எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அது அவர் போன இரண்டாவது தடவை, மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயம் அனுப்பியது. முதலில் மாமி. பிறகு நாத்தனார், தன் கல்யாணத்துக்கு வாங்க வேண்டியதைச் சொல்கிறாள். பிறகு நான். என் குரல் எனக்கே தெரியவில்லை. சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சவுக்கியம். நீங்க அவசரப்பட்டு வந்துராதீக. இங்கன எல்லாம் நல்லா நடக்குது. நீங்க இல்லாமலே நாங்க பாத்துக்கிருவோம். வஸ்ஸலாம்."

தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டு வரவா என்று அவர் கேசட்டில் கேட்டிருந்தார். அதற்குத்தான் அந்தப் பதில். "லீவு போட்டா வேலைக்கு ஆபத்து, நீ சொல்லு, உம் பேச்சத்தான் கேப்பான்" என்று மாமி என் தொடையில் இடித்தார். சொன்னேன்.

டக் என்று ஒரு சத்தம். அவர் குரல். சோப்பு, செருப்பு, கொண்டுவரும் ஆளின் வீட்டு அடையாளம். வஸ்ஸலாம்.

பிறகு ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு மிஷின் ஓடுகிறது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மைக்கில் வாயை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"புள்ள. எல்லாரும் எந்திரிச்சுப் போயிருப்பாக. நீ மட்டும் கேளு. இங்கன முடியல புள்ள. மொதலாளி நேத்து எல்லாருக்கும் முன்னாடி கைய நீட்டிட்டான். அம்மாட்ட சொல்லிறாத. ரெண்டு மாசத்துல அக்ரிமெண்டு முடியுது. கையெழுத்துப் போட்டா இன்னம் மூணு வருசம். போடாம வந்துரவா? அம்மா ஏசும், ஏசட்டும். நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா வந்துருவேன், மத்தத நான் பாத்துக்கிறேன். பதில்ல சரின்னு சொல்ல முடியாது, எல்லாரும் இருப்பாக. ஆடு குட்டி போட்டுருச்சுன்னு சொல்லு. நம்மகிட்ட ஆடே இல்ல. கிறுக்கின்னு சிரிப்பாக, சிரிச்சுட்டுப் போறாக. எனக்கு வெளங்கிரும். நீ சொல்லலன்னா கையெழுத்துப் போட்டுர்றேன். மறுக்காக் கேக்க மாட்டேன் புள்ள."

அவ்வளவுதான்.

மறுபடி கேட்டேன். இரண்டாம் தடவை இன்னும் தெளிவாக இருந்தது.

என் பதிலை அவர் அங்கே எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். கேசட்டைப் போட்டிருப்பார். ஆட்டுக்குட்டிக்காகக் காத்திருப்பார். மாமி பேசி, தங்கை பேசி, என் முறை வந்திருக்கும். அவசரப்பட்டு வந்துராதீக. நீங்க இல்லாமலே பாத்துக்கிருவோம். கேட்டதற்குப் பதில் அதே நாடாவில் வந்துவிட்டது. மறுபடி கேட்க மாட்டேன் என்றார், கேட்கவில்லை. அந்தக் கேசட்டையும் மற்றதோடு கட்டி ஊருக்குக் கொண்டுவந்து, என் பீரோவிலேயே வைத்தார். நான் அதை அப்போதே கேட்டிருக்கிறேன் என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பார்.

அந்த நாளில் டேப் ரிக்கார்டர் மாமியின் பீரோவில் இருந்தது உண்மை. ஆனால் மாமி கல்யாண வீடு, மௌத் வீடு என்று போவார். சாவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போன நாளும் உண்டு. நான் ஒரு நாளும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. அவர் பேசியதை எல்லாம் கேட்டாகிவிட்டது என்று இருந்தேன்.

கடைக்காரர் டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"மகளுக்கு எதெது வேணும்னு சொல்லுங்கக்கா. உங்க வீட்டுக்காரரு பேசுனத மட்டும் வெட்டித் தாரேன். மாமியாரத் தூக்கிறலாம். இந்தக் கடைசித் துண்டு வேணாம்னாலும் எடுத்துர்றேன். யாருக்கும் தெரியாது."

டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. எடுத்துவிட்டால் செருப்பு அளவும் சோப்பும் மகளுக்குப் போகும். அவள் அழுவாள், பத்திரமாக வைத்துக்கொள்வாள். அவளுடைய அத்தாவைப் பற்றி நான் சொன்னது சொன்னபடியே நிற்கும்.

"மத்ததுல மாமியார வெட்டிருங்க தம்பி" என்றேன். "இந்தக் கேசட்டுல ஒண்ணையும் வெட்டாதீக. நான் பேசுனது முன்னாடி, அவுக பேசுனது பின்னாடி. இருக்குற வரிசைலயே இருக்கட்டும்."

"நெசமாவா?"

"ஆமா."

பென்டிரைவ் ஒன்றிலும், மகள் காரில் போடுவதற்காக சிடி ஒன்றிலும் ஏற்றினார். சிடியின் மேல் பேனாவால் என்ன எழுத என்று கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். அங்கேயே கூரியர் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் கிடைத்தது என்று மகள் மெசேஜ் போட்டாள். புதன்கிழமை போன் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. தினமும் இரண்டு தடவை கூப்பிடுகிறவள். நானும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

"கேட்டியாம்மா நீயி?"

"கடைல கேட்டேன்."

"அப்பக் கேக்கலயா?"

"இல்ல."

"பட்டன அமுக்காம ஒரு நிமிசம் விட்டிருந்தா போதும்."

"ஆமா."

"அத்தாவுக்கு ஒருத்தி இருக்கான்னு எங்கிட்ட சொன்னியேம்மா. பத்தாவது படிக்கும்போது சொன்ன. அதுக்கப்பறம் நான் அத்தா மடில படுத்ததே இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"நமக்கு ஆடு இருந்துச்சா?"

"இல்ல."

"ஒரு ஆடு கூடவா?"

"இல்ல. எப்பவும் இல்ல."

அவள் வைக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வைக்கவில்லை. நானாகத் துண்டிக்கவில்லை. அவள் துண்டிக்கிற வரைக்கும் இருந்தேன்.