இரண்டு நாள் இருட்டில் வைத்த செடி

செடி தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று ஆறாம் வகுப்புக்குக் காட்ட, எனக்கு ஒரு செம்பருத்தித் தொட்டியும் இரண்டு நாள் இருட்டும் போதும். வெயிலே படாமல் வைத்த செடியின் இலையில் மாவுச்சத்து இருக்காது. அயோடின் சொட்டினால் நீலம் ஏறாது. செய்யூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் நான் வருடா வருடம் செய்கிற சோதனை அது.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டியை அறிவியல் அறையில் வைத்துப் பூட்டினேன். பள்ளிச் சாவிகள் எப்போதும் எதிர்வீட்டு ஆணியில்தான் தொங்கும். அந்த வீட்டுப் பெண்ணும் என் ஆறாம் வகுப்புதான். அறையைத் திறக்கவே கூடாது என்று சொல்லி, அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் மேஜையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். இலையை ஸ்பிரிட்டில் வேகவைத்து வெளுக்கவிட்டு, அயோடின் சொட்டினேன். கருநீலமாகிவிட்டது. "ஆகாதுன்னு சொன்னீங்களே மிஸ்" என்று ஒரு வாலு கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

"ரூமைத் தொறந்தது யாரு?"

எதிர்வீட்டுப் பெண் எழுந்தாள். "நாந்தான் மிஸ். டெய்லி காலீல எடுத்தாந்து வெயில்ல வெச்சேன். இன்னிக்கும் வெச்சேன்."

"அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ரெண்டு நாளு பட்னி போட்டா மயக்கம் வந்துடும் மிஸ். எனக்கு வருதுல்ல?"

போன வாரம்தான் பிரேயரில் மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் ஏன் வருகிறாய் என்று கத்தியவளும் நான்தான். அவள் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே சவுக்கு வெட்டப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது ராத்திரிக்குத்தான். போன வருடம் வரை கவலையில்லை. எங்கள் பள்ளியில் காலைச் சாப்பாடு ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. ஆறுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்புத் தம்பி உள்ளே பொங்கல் தின்னும்போது, அவன் தட்டைக் கழுவிக் கொடுக்க இவள் வாசலில் நிற்பாள். தினமும் பார்த்திருக்கிறேன், பாவி, ஒருநாளும் யோசித்ததில்லை.

சமையல்கார அக்காவிடம் போய்க் கேட்டேன். "மீந்தா குடுக்க மாட்டனா டீச்சர்? தலைய எண்ணித்தான அரிசி போடறேன். இதுக்குக் குடுத்தா பின்னாலயே முப்பது வந்து நிக்கும், நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

மறுநாள் நானே இட்லி கொண்டுபோனேன். டப்பாவை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாப்ட்டுட்டேன் மிஸ்." வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் நீட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்கப்புறம் தனியாகக் கூப்பிட்டும் அதே பதில்தான். அவள் வயிறு சத்தம் போட்டது எங்கள் இருவருக்குமே கேட்டது.

அந்தச் சோதனையை நான் மறுபடி செய்யவில்லை. போர்டில் படம் வரைந்து பாடத்தை முடித்துவிட்டேன். இப்போதெல்லாம் பிரேயர் மணி அடித்ததும், அவளை மட்டும் வேப்பமர நிழலில் நிற்கச் சொல்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.