ருசி பார்த்துவிட்டுப் போன இப்ராஹிம் காக்கா

ஊருக்குப் போயிருந்த இப்ராஹிம் காக்கா காலமான செய்தி காயல்பட்டினத்திலிருந்து வந்தபோது, துபாயில் சத்வா ரூமில் டியூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் என் வாயில் வந்த சொல் "அப்பாடா!" அவரை அறியாதவர்கள் பொறுத்தருள வேண்டும், காரணம் சொல்கிறேன்.

துபாய் ஹோட்டல் ஒன்றின் ஜப்பானிய உணவகத்தில் நான் அடுப்படியில் இருந்தேன், அவர் பரிமாறினார். அங்கே பேர்போனது சோபா. ஒரு மலைத் தானிய மாவில் செய்யும் பழுப்பு நூடுல்ஸ். ஊரில் அவர் மனைவி, "எங்க வீட்ல அவுஹ சோபா விக்கிறாஹ" என்று சொல்லப்போய், கல்யாண வீட்டுக்காரர்கள் கட்டில் விலை கேட்டு வந்தது தனிக்கதை.

தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டால் காக்காவைப் பிடிக்க முடியாது. "ஜப்பான்ல இவாத்தேங்கிற பக்கம் சின்னக் கிண்ணத்துல ஒரு வாய் வைப்பாங்க. தின்னுத் தீர்த்தா உடனே நிரப்புவாங்க. போதும்னு கத்துனாலும் விடமாட்டாங்க, கிண்ணத்தை மூடணும். இசுமோவுல மூணு அடுக்குத் தட்டு, சாறை மேல ஊத்திக்கணும். நீகாத்தாவுல கடற்பாசி சேர்த்துப் பிசைவாங்க, வழுவழுன்னு இறங்கும்!"

ஆனால் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மிரின் என்கிற அரிசி மது சேரும். ஒருநாள் சென்னை அம்மாள் ஒருவர், "உங்களுக்கு எதுங்க பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டார். காக்கா தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரே புலம்பல். "சாப்பிடாததை ருசின்னு சொல்லி விக்கிறேனே தம்பி, இது பொய்தானே? இந்த வாயோட மௌத்தாகி மேல போனா, அங்க என்ன பதில் சொல்லுவேன்?"

"சாறு இல்லாம வெறும் நூடுல்ஸைத் தின்னு பாருங்களேன்!" என்று எரிந்து விழுந்தேன்.

"உப்பில்லாத சோத்தைத் தின்னுட்டு விருந்து பிரமாதம்னு சொல்லவா?"

நாகானோ மலைப்பக்கம் தகாத்தோ என்ற ஊரில், முள்ளங்கிச் சாற்றில் மிசோ என்னும் சோயா விழுதைச் சுட்டுக் கரைத்துத் தொட்டுக்கொள்வார்கள், மிரின் சேர்ப்பதில்லை என்று எங்கள் ஜப்பானியச் சமையல்காரர் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த லீவில் காக்கா ஊருக்குப் போகாமல் நேரே அங்கே போய்விட்டார். மனைவி போனில் ஏசித் தீர்த்தார்.

தகாத்தோவிலிருந்து வீடியோ காலில் வந்தார். கடைக்காரம்மாவிடம் மிரின் இல்லையே என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிஸ்மி சொல்லி, சர்ரென்று உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "முள்ளங்கி காரம்டா தம்பி!" என்றார். காரத்துக்கு யாராவது அவ்வளவு நேரம் அழுவார்களா?

திரும்பி வந்த முதல் டியூட்டியில் ஒரு மேசையில் பழைய கேள்விதான் வந்தது. அவருடைய பதில் அடுப்படிவரை கேட்டது. "இவாத்தே, இசுமோ எல்லாம் நான் கேள்விப்பட்டதுங்க. தகாத்தோ மட்டும் நான் சாப்பிட்டது. நல்லா இருக்கும்."

போய் வாருங்கள், காக்கா. அங்கே கேட்டால் இதையே சொல்லுங்கள்.