‘து’க்காரர்

என் சித்திக்கு லேபில் வேலை. வருகிறவர்களுக்கு ஊசி குத்தி இரத்தம் எடுப்பார். காலை முழுக்க அடுத்தவர் பயத்தைப் பார்த்தது போதாதென்று, மதியம் நூலகத்தில் போய்ப் பேய்க்கதை. அங்கே பாதிப் புத்தகங்களுக்கு அட்டை கிடையாது. அதனால் எழுத்தாளர்களுக்குச் சித்தியே பெயர் வைத்துவிட்டார். ‘கதவுக்காரர்’ முந்நூறு பக்கமும் ஒரு கதவைத் திறக்கமாட்டார். நமக்குத்தான் கை பரபரக்கும். ‘ஈரத்துணியம்மா’ கொடியில் காயும் சேலையை வைத்தே குலைநடுங்க வைப்பவர். அவரைப் படித்த வாரம் வீட்டில் சித்தப்பாதான் துணி காயப்போட்டார். எல்லோருக்கும் மேலே ‘து’க்காரர்.

போன சனிக்கிழமை நூலகர், பேய் அலமாரிக்கு முன்னால் காலிப் பெட்டிகளோடு நின்றார். அங்கே தேர்வு வழிகாட்டிகள் வைக்கப்போகிறாராம். சித்தியின் முகம் வெளுத்தது. லேபில் ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களின் முகம் அது.

“இதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா சார்?”

“எதுக்கும்மா? ரத்தம், எலும்பு, அலறல். வேற என்ன இருக்கப்போகுது?”

“ரத்தம் நான் தினம் அறுபது ட்யூப் எடுக்குறேன். அதுல என்ன பயம்? ஒரே ஒரு பக்கம் படிங்க. ஒண்ணும் ஆகலன்னா நானே பெட்டி கட்டித் தர்றேன்.”

கூடப் போயிருந்த நான் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

சித்தி நீட்டிய ‘து’க்காரரை நூலகர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகவே படித்தார். கதையில் மனைவி சமையலறையில் பாடினாள். தண்ணீர் குடித்தாள். கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வரி: ‘அருகில் வந்தது.’

“அச்சுப்பிழை. ‘வந்தாள்’னு இருக்கணும்” என்று பேனாவைத் திறந்தார். திருத்தவில்லை. முந்தைய வரியை மறுபடி படித்தார்.

“ஒரே ஒரு ‘து’ சார். அலறலே இல்ல பாத்தீங்களா? பொண்டாட்டி எப்ப போனா, வந்தது எதுன்னு நாமதான் கெடந்து தவிக்கணும்.”

“அட போம்மா! எங்க வீட்டுல ‘அக்கா வந்துச்சு, மச்சான் சாப்புடுச்சு’ன்னுதான் பேசுவோம். அவங்கல்லாம் பேயா?”

வாசலிலிருந்து காவலாளி குரல் கொடுத்தார்: “சார், உங்க வீட்டம்மா வந்துருக்குது!”

நூலகர் நாற்காலியோடு சுவர் வரைக்கும் போனார். டிபன் கேரியரோடு உள்ளே வந்த அவர் மனைவி, “என்னங்க இப்படி முழிக்கிறீங்க?” என்றார்.

“நீ... அங்கயே நில்லு.”

வழிகாட்டிகள் மேசைக்கடிக்குப் போயின. அலமாரி தப்பித்தது. ஆனால் திங்கட்கிழமை ‘து’க்காரரைக் காணோம். பதிவேட்டைப் புரட்டினால், எடுத்துப்போனவர் நூலகர்.

“எனக்கு இன்னும் இருபது பக்கம் பாக்கி இருந்துச்சேடா!” என்று சித்தி தலையில் கைவைத்தார்.