ஓரத்துச் சிப்புகள்

புதன்கிழமை காலை பத்து பத்துக்குச் செய்தி வந்தது. சிப் ஆய்வகத்துக்குள் போக வெள்ளை உடையை மாட்டிக்கொண்டிருந்தேன். பீஷியா அக்காவின் கணவர் அழைத்தார்; முனைவர் பட்டம் வாங்கியதால் நான் அவர்களுக்கு டாக்டர். "டாக்டர், இன்னைக்கு அவளால வர முடியாது" என்று, விடுப்புக் கேட்பவர் போலத்தான் ஆரம்பித்தார். பிறகுதான், "விடியக்காலம் போயிட்டா" என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிப் படிப்போடு தைவானின் சின்சு நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். எங்கள் நிறுவனத்தில் இருபத்தொன்பது வருடமும் ஒரே வேலை: ஒளி உள்ளே போகவும் வெளியே வரவும், முடி கனமே உள்ள கண்ணாடி இழையைச் சிப்பின் இரு பக்கமும் ஒட்டுவது.

எங்கள் சிப் ஒரு சுவிட்ச். தொலைபேசிப் பேச்சைச் சுமந்து வரும் ஒளியை இரண்டு பாதைகளில் ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய பாதையில் ஒளி கசிந்தால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் பேச்சு கலக்கும். எங்களுடையது இரண்டு வருடமாகக் கசிந்தது. இந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் கசிவு நிற்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

சிப்புகளை வெட்டியெடுக்கும் வட்டத் தகடான இண்டியம் பாஸ்பைடு வேஃபரின் ஓரத்தை நாங்கள் அளப்பதே இல்லை. தகட்டின் மேல் நாங்கள் வளர்க்கும் படலம் அங்கே சீராக வளராது. வெட்டியதும் குப்பைக்குப் போய்விடும். அக்கா அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைப்பார். தினமும் காலையில் அதில் ஒன்றை ஒட்டிக் கை பழக்கிய பிறகுதான் நல்ல சிப்பைத் தொடுவார்.

போன மாதம் ஒருநாள், பழக்கத்துக்கு ஒட்டியதை ஒளி அளக்கும் மீட்டரில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரே, இங்க வாங்க. இது மூடுனா மூடிக்குது."

"மீட்டர் கெட்டிருக்கும்க்கா."

"உங்க சிப்பு கசிஞ்சா மீட்டர் நல்லா இருக்கு, என் குப்பை கசியலன்னா கெட்டுப்போச்சா?"

"இழை சரியா ஒட்டியிருக்காது. ஒளியே உள்ள போயிருக்காது."

"என்கிட்டயே வா! அந்தப் பாதைக்குத் திருப்பிப் பாருங்க. ஒளி வந்தா எனக்குப் பால் டீ. பாதிச் சக்கரை, ஐஸ் வேணாம்."

திருப்பினேன். ஒளி முழுதாக வந்தது. டீ வாங்க நானே இறங்கிப் போனேன்.

ஓரத்தில் படலம் மெல்லியதாக வளர்ந்திருந்தது. நாங்கள் குறை என்று வெட்டியெறிந்த அந்த மெல்லிசுதான் கசிவை நிறுத்தியிருக்கிறது. ஆனால் ஒரு சிப்பைக் காட்டினால் யார் நம்புவார்கள்? அக்காவின் டப்பாவில் இன்னும் நாற்பது துண்டுகள் இருந்தன. "நாப்பதையும் ஒட்டிர்றேன், நீங்க அளங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முப்பத்தொரு அளவுகளோடு கூட்டத்துக்குப் போனேன். ஒன்றில்கூடக் கசிவு எல்லை தாண்டவில்லை. ஏன் நாற்பது இல்லை என்று கேட்டார்கள். சொன்னேன்.  தலைவர், திட்டம் தொடரட்டும் என்றார். முழு வேஃபரிலும் படலத்தை அந்த மெல்லிசிலேயே வளர்க்கத் தொடங்கிவிட்டோம்; முதல் வேஃபர் திங்கட்கிழமை வெளியே வரும்.

முப்பத்திரண்டாவது சிப்பில், ஒளி உள்ளே போகும் பக்கம் மட்டும் இழை ஒட்டப்பட்டிருக்கிறது.