மாடசாமி மெருகேற்றிய சைக்கிள்

கூடத்திலிருந்து சைக்கிள் மணி இரண்டு முறை ஒலித்தது. குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த மாடசாமியின் கை அப்படியே நின்றது. மூன்று மாதமாகப் போர்வை போட்டு மூடி வைத்திருந்த வண்டியின் மணி அது.

"அப்பா! அபு அங்கிள் வந்துட்டார்!" மகள் தேஜஸ்வினியின் குரல் கேட்டது. "நான் எடுக்கல, அவரே ஷீட் எடுத்துட்டார். சர்ப்ரைஸ் போச்சு, கதம்!"

மாடசாமிக்குச் சிரிப்பு பொங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நண்பர்கள் எல்லோர் முன்னிலையிலும் வண்டியைக் கொடுக்கலாம் என்றிருந்தார். போகட்டும், நண்பனின் முகம் மலர்வதை முதலில் பார்க்கும் பாக்கியம் தனக்கே கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு, காதோரச் சோப்பைக்கூடத் துடைக்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

அபுதாஹிர் அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். வலது கை சைக்கிளின் நடுக்கம்பியின் மேல் இருந்தது. அந்தக் கை முன்னே போயிற்று, பின்னே வந்தது, மறுபடி முன்னே போயிற்று. எதையோ தேடும் கை அது.

"எப்படி இருக்கு பாய்?" என்றார் மாடசாமி.

அபுதாஹிர் குனிந்து கம்பியை இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

கோவில்பட்டியிலிருந்து 1991இல் புனேக்கு வந்தவர் மாடசாமி. போசரியில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் சேர்ந்து, பன்னிரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆனார். தகரத்தைத் தடவிப் பார்த்தே எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். குறையைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. சாங்வியில் இரண்டு அறை வீடு, மனைவி மங்கையர்க்கரசி, ஒரே மகள், இவற்றுக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய சைக்கிள். பழைய இரும்புக் கடையில் ஒரு துருப்பிடித்த வண்டியை வாங்கிய நாளில் தொடங்கியது அது.

அந்த வண்டிதான் அவரை ஔந்தில் ஒரு டீக்கடை வாசலில் ஞாயிறுதோறும் கூடும் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கிழட்டு வண்டிகள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். ஆனால் தான் எதைக் கெடுத்து அதைக் கற்றுக்கொண்டார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் ஆப்பு இறுகிப்போனால் சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது, எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திரு, அடியில் முட்டுக்கொடுத்துத் தட்டு என்று ஒருவர் சொன்னார். அவர் அடித்து உடைத்த வண்டி அவருடைய மாமனாருடையதாம். இடது பெடலை வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும் என்று சொன்னவர், ஒரு நாள் முழுக்கத் தப்பான பக்கம் திருகித் தோள்பட்டை வீங்கிக் கிடந்தவர். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் ஹேண்டில்பாரின் துரு போகும் என்பதை மாடசாமி அங்கேதான் கற்றார்.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மராட்டியர் ஒருவர் மட்டும் வாரம் தவறாமல் ஒன்றையே சொல்வார். "வண்டிக்காரரைக் கேட்காமல் பெயிண்டில் கை வைக்காதீர்கள்." எதைக் கெடுத்து அதைக் கற்றார் என்று கேட்டால் மட்டும், "அதை இன்னொரு நாள் சொல்கிறேன்" என்று எழுந்துவிடுவார்.

பெயிண்ட் அடிக்கத் தெரியாதவர்களின் பேச்சு என்று மாடசாமி மனத்துக்குள் சிரித்துக்கொள்வார். மற்ற எல்லா யோசனையையும் சிறு நோட்டில் எழுதிக்கொண்டவர், அதை மட்டும் எழுதவில்லை.

கூட்டத்தில் தமிழ் பேசும் இன்னொரு ஆள் அபுதாஹிர். கோந்த்வாவில் பிளாஸ்டிக் சாமான் கடை. பூர்வீகம் மேலப்பாளையம். தாய்மொழியில் திட்டிக்கொள்ள ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் ஒரே மாதத்தில் உடன்பிறப்புகளைப் போல ஆகிவிட்டார்கள். அவருடைய கறுப்பு வண்டி, அவர் வாப்பா 1958இல் வாங்கியது. அதன் கேரியரில் கைலி மூட்டையைக் கட்டித் தெருத்தெருவாக விற்றுத்தான் அந்த மனிதர் குடும்பத்தைக் காப்பாற்றினார். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார்.

"பிரேக்கும் சக்கரமும் மட்டும் பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லித்தான் அபுதாஹிர் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

பிரேக்கும் சக்கரமும் ஒரே வாரத்தில் முடிந்தன. ஆனால் கூடத்தில் நின்ற அந்த வண்டி மாடசாமியைத் தூங்க விடவில்லை. உரிந்த பெயிண்ட், நடுக்கம்பியில் வெளுத்துத் தேய்ந்த ஓர் இடம். தகப்பன் ஓட்டிய வண்டியை இப்படியா பிச்சைக்காரன்போல நிறுத்தி வைப்பது? நண்பனுக்கு இதைச் செய்யாவிட்டால் தன் கைத்தொழில் எதற்கு? திராவகம் தடவி உரித்தார். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு வரை தேய்த்தார். பட்டி பார்த்து, மூன்று பூச்சுக் கறுப்பு அடித்து, மயிரிழைத் தூரிகையால் தங்கக் கோடு இழுத்தார்.

"வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நாலு வருசமா நேரமில்ல, பாய் சைக்கிளுக்கு மூணு மாசமா சீமந்தம் நடக்கு" என்று மங்கையர்க்கரசி இடித்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

இப்போது அந்த வண்டியின் மேல்தான் அபுதாஹிரின் கை தேடிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு எடம் தேஞ்சிருந்துச்சே அண்ணாச்சி" என்றார் அவர், திரும்பாமலே.

"ஆமா பாய். அதச் சரிபண்ணிட்டேன். இருந்த எடமே தெரியாது."

"தெரியல" என்றார் அபுதாஹிர். "நானும் தேடிப் பாத்துட்டேன். தெரியல."

அவர் திரும்பியபோது கண்கள் நிரம்பியிருந்தன. மங்கையர்க்கரசி டீத் தட்டோடு அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதுதான் அண்ணாச்சி நான் உக்காந்த எடம். வாப்பா என்னை முன்னால வச்சுத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோவாங்க. எனக்கு முந்தி அதுல உக்காந்தது என் லாத்தா, மூத்த பொறப்பு. எங்க ரெண்டு பேரு உக்காந்து தேச்சது அது."

மாடசாமியின் துண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெயிண்டை உரித்தால் அடியில் பழசு இருக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அடியில் எதுவுமே இல்லை என்பது அந்த அறையில் அவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"பாய், என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுதேன். நான் செஞ்ச பாவத்தச் சொல்லுதேன்."

"அவங்ககிட்டச் சொல்லி எனக்கு என்ன?"

"என் வண்டிய எடுத்துக்கிடுங்க…"

"சின்னப்புள்ள மாதிரிப் பேசாதீங்க." அபுதாஹிர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "நீங்க என் மேல ஆசப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. அது தெரியிறதாலதான் கோவப்படக்கூட வழியில்லாம நிக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். தேஜஸ்வினி எதுவும் புரியாமல் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அபுதாஹிர், தனக்குத் தானே பேசுபவரைப் போலக் கேட்டார்.

"நான் அத ஒருநாளும் உத்துப் பாத்ததில்ல. எப்பவும் இருக்கும்னு நெனச்சேன். நீங்க பாத்தீங்கள்ல. எப்படி இருந்துச்சு?"

மாடசாமி கண்ணை மூடினார். வருடக்கணக்காகக் குறை தேடிப் பழகிய கண். பார்த்த எதையும் அது மறந்ததில்லை.

"ஹேண்டில்ல இருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பம். ஒரு சாண் நீளம். ஓரத்துல கறுப்பு, அதுக்குள்ள செவப்புப் பிரைமர் ஒரு நூல் அளவு, நடுவுல வெறும் இரும்பு. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு பாய். உப்புத்தாள் போட்டாக்கூட அப்படி வராது."

"ம்."

"கீழ சாஞ்சு போகுதே அந்தக் கம்பி, அதுல இடது பக்கம் சின்னச் சின்னக் கீறல். பிறை மாதிரி. இருபது முப்பது இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணா. கல்லுல இடிச்ச கீறல் அப்படி இருக்காது. ஏதோ வளையம் ஆடி ஆடிப் பட்ட மாதிரி இருந்துச்சு. என்னன்னு தெரியாமத்தான் பட்டி போட்டேன்."

அபுதாஹிர் நிமிர்ந்தார்.

"இடது பக்கமா?"

"ஆமா."

"அவ கொலுசு அண்ணாச்சி. ஆயிஷா லாத்தா கொலுசு. காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கிட்டே வருவா. வாப்பா வைவாங்க, ஆட்டாத மூதேவி, வண்டி சாயும்னு. நான் பின்னால மூட்ட மேல உக்காந்து அந்தச் சத்தத்தக் கேப்பேன். ஒம்பது வயசுல காய்ச்சல்ல மவுத்தாயிட்டா. எனக்கு அஞ்சு வயசு. ஒரு போட்டோகூடக் கெடயாது."

நாற்பது வயதைக் கடந்த அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாடசாமி அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்னப் பெண்ணை உலகத்தில் கடைசியாகப் பார்த்தது தன் கண். துடைத்து அழித்ததும் தன் கை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் அபுதாஹிர்.

மாடசாமி சொன்னார். கீறலின் நீளம், ஆழம், எந்த இடத்தில் நெருக்கம், எந்த இடத்தில் அரிது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். மூன்றாவது தடவையும் அவர் கேட்டார், இவர் சொன்னார். டீ ஆறிப்போனது.

பிறகு அபுதாஹிர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சைக்கிளைப் பிடித்தார். மாடி இறக்க மாடசாமி கைகொடுக்கப் போனார்.

"வேண்டாம். நானே தூக்கிக்கிடுவேன்."

"பாய், நாளைக்கு…"

"நாளைக்கு வரல அண்ணாச்சி." வாசல்படி தாண்டி நின்று ஒரு கணம் யோசித்தார். "கொஞ்ச நாள் போகட்டும். வருவேன்."

வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். இன்னொரு கையால், உள்ளே நிற்பவர்களைப் பார்க்காமல், கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார்.