கழுத்தில் கட்டிய பெயர்

மாலை நான்கு இருபதுக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தேன். அழைத்தது நாற்றுக்காரரின் மகள்.

"அப்பா போயிட்டாருக்கா. காலையில நாத்துக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்தவரு, எழுந்திரிக்கவே இல்ல."

இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நாற்றுக்காரர் எனக்கு உறவில்லை, வேறு நாட்டுக்காரர். படிப்பை முடித்த கையோடு, மொட்டையாகிப்போன ஒரு மலைச்சரிவில் மரம் நடும் தொண்டுப் பணிக்காக அவருடைய ஊருக்குப் போய் இரண்டு வருடம் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு குழுவாகப் பல நாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் அறிக்கை எழுதுவதும் என் பொறுப்பு. கன்றுகள் கொடுப்பது அவர்.

வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக்கு அடியில் பன்னிரண்டு பாத்திகள். விதையைக் காட்டில் அவரே பொறுக்கி வருவார். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுவார். "பட்டினி போட்டுப் பழக்கினாத்தாம்மா வெளியில பொழைக்கும்" என்பார். வேர் சுருண்ட கன்று ஒன்றுகூட அவர் வாசலைத் தாண்டாது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் கம்பி வளைத்து மாட்டியிருப்பார். எப்போதும் நோட்டும் கையுமாக அலைந்ததால் எனக்குக் 'கணக்குப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

தொண்டர்களையும் விடமாட்டார். "குழி தோண்டுறீங்களா, பல்லு குத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையைத் தானே வாங்கிக்கொள்வார்.

நட்டவர் பெயரை அட்டையில் எழுதி, கன்றின் தண்டில் நைலான் கயிற்றால் கட்டுவது என்னுடைய யோசனை. தொண்டர்கள் அதனருகே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். தலைமை அலுவலகம் என்னைப் பாராட்டி எழுதியது. காற்றில் அட்டை பறக்கக் கூடாதென்று கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான்.

"ஏம்மா கணக்குப்பிள்ளை, நட்டது இன்னாருன்னு கழுத்துல எழுதி மாட்டினாத்தான் மரத்துக்குத் தெரியுமா?"

"படத்துக்குத்தாங்க."

"படம் எடுத்தாச்சுல்ல, அவுத்து விட்டுடு. மரம் பருக்கும். கயிறு பருக்காது."

அடுத்த குழு வரட்டும், அவர்களை வைத்து அவிழ்க்கலாம் என்றேன். அடுத்த குழு தங்கள் பங்குக்கு இன்னும் முந்நூறு அட்டை கட்டியது.

இரண்டாம் வருடம் கன்றுகள் கருகத் தொடங்கின. கயிறு தோலுக்குள் புதைந்து, அதற்கு மேலே தண்டு வீங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் நட்ட வரிசைகளில் அட்டை இல்லை. அங்கே ஒன்றும் சாகவில்லை. இரண்டு பக்கமும் அவர் கொடுத்த கன்றுகள்தான். கண் இருந்தவர் எவருக்கும் விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது.

அறிக்கைப் படிவத்தில் 'கன்றுகள் இறந்த காரணம்' என்றொரு கட்டம். என் பணியை நீட்டிப்பதா என்று தலைமை அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. 'நாற்றங்கால் நோய்' என்று எழுதினேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவரிடம் கன்று வாங்குவது நின்றது. அறிக்கையின் நகலை ஊர்ப் பொதுக் கூடத்தில் ஒட்டினார்கள். பள்ளி விட்டு வந்த மகள் அதை அவருக்குப் படித்துக் காட்டினாளாம். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அறிக்கை ஒட்டிய மறுநாளே அவர் என் அறை வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"நாத்துல நோய்னு எழுதினது யாரும்மா?"

"தலைமை அலுவலகத்துல."

"அவங்க வந்து பாக்கவே இல்லையே?"

நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"சரி விடு. நீதான் கூடவே இருந்து பாத்தவ. நாத்துல குறை இல்லன்னு ஒரு வரி எழுதிப் போடு. நீ சொன்னா கேப்பாங்க."

"எழுதுறேங்க."

அவர் திரும்பிப் போய், அன்றைக்கே ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். சம்பளம் இல்லாத வேலை. எஞ்சியிருந்த ஒவ்வொரு கன்றிலும் கயிற்றை அறுத்தார். என் சன்னலிலிருந்து பார்த்தால் அவர் தெரிவார். நான் சன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டேன். பணி நீட்டிப்பு கிடைத்தது. நான்கு மாதத்துக்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆறு வருடத்தில் அவர் ஏழெட்டு முறை பேசியிருப்பார். ஒரு தடவைகூட அந்த வரியைப் பற்றிக் கேட்கவில்லை. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, மாப்பிள்ளை பார்க்கிறார்களா, இவ்வளவுதான். மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இன்று மகள் போனை வைக்குமுன் தயங்கினாள்.

"அக்கா, புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு. கன்னு கேக்குறாங்க. நான் எழுதிப் போட்டேன். பழைய அறிக்கையில நோய்னு இருக்காம், எங்ககிட்ட வாங்க முடியாதாம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன மாசம் சொன்னேன். 'கணக்குப்பிள்ளை அப்பவே எழுதியிருக்கும், இவனுங்கதான் எங்கயாவது போட்டு வெச்சிருப்பானுங்க'ன்னு சிரிச்சாரு. நீங்க அனுப்பினதோட நகல் இருந்தா எனக்கு ஒண்ணு அனுப்புறீங்களாக்கா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் இறந்த அன்றைக்கு, அவர் மகளிடம் அதைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ஒரு வரியைத் தலைமை அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தில் இதுவரை பெறுநர் முகவரியும் அறிக்கை எண்ணும் மட்டுமே இருக்கின்றன.